பத்தாயிரத்து ஒன்பதாவது டப்பா

பார்த்திபனுக்கு அன்றைக்கு மூன்றரை மணிக்குத் திருவள்ளூரில் இன்டர்வியூ. தனியார் கலைக் கல்லூரி ஒன்றில் கணித உதவிப் பேராசிரியர் வேலை. எம்.எஸ்சி. முடித்து, விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோய், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எவர்சில்வர் பாத்திரக் கம்பெனி ஒன்றில் அட்டைப்பெட்டிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு வந்த முதல் அழைப்பு அது. ஆரம்பாக்கத்தில் நெல் பயிரிடும் அவன் அப்பா சுப்பிரமணி, செய்தி தெரிந்த நாள் முதலாக வரப்பில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பையன் காலேஜ் வாத்தியார் ஆகப்போகிறான் என்று சொல்லி முடித்திருந்தார். இனிமேல் ஆகாமல் போனால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

டிஸ்பாட்ச் மேனேஜர் சாம்சன் நல்ல மனிதர்தான். ஆனால் ‘முடியாது’ என்ற சொல் மட்டும் அவர் காதுக்கு ஆகாது. யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், “முடியாதுன்னு சொல்லாதபா, பாக்கறேன் சார்னு சொல்லு” என்பார். பார்த்திபன் அரை நாள் பர்மிஷன் கேட்டபோதும் முடியாது என்று அவர் சொல்லவில்லை. திருவள்ளூர் லாரி கேட்டைத் தாண்டட்டும், பின்னாலேயே நீயும் தாண்டிவிடு என்றார். லாரிக்கான சரக்கு முந்தின நாளே பெட்டிகளில் ஏறித் தயாராக நின்றது. லேபிள் அடித்து ஒட்டவேண்டியதுதான் பாக்கி. காலை நாஷ்டா நேரம் முடிவதற்குள் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அவன் இஸ்திரி போட்ட சட்டையைப் பையில் மடித்து எடுத்துவந்திருந்தான்.

சரக்கு என்றால் மூடி போட்ட குட்டி டப்பாக்கள். மூடியில் சங்கும் சக்கரமும் பொறித்தவை. மறுநாள் திருவள்ளூரில் ஒரு உற்சவம். வருகிறவர்களுக்கெல்லாம் அக்காரவடிசல் பிரசாதத்தை டப்பாவில் போட்டுக் கொடுப்பதாக பாஷ்யம் என்ற பெரியவர் ஏற்றுக்கொண்டிருந்தார். பத்தாயிரத்து எட்டு டப்பா. அதற்கு மேல் ஒன்று. எதற்கு அந்த ஒன்று என்று ஆர்டர் எடுத்தவர் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. கல்யாண மொய்யைக்கூட நூறோடு நிறுத்த நமக்கு மனசு வராது, மேலே ஒரு ரூபாய் வைத்தால்தான் கை ஆறும். ஆக ஆர்டர் பத்தாயிரத்து ஒன்பது என்றே பதிவாகியிருந்தது.

ஒரு பெட்டியில் எழுபத்திரண்டு டப்பா பிடிக்கும். நூற்று முப்பத்தொன்பது பெட்டிகள் கட்டியாகிவிட்டன. ஒரே ஒரு டப்பா மட்டும் பேக்கிங் மேஜை மேல் தனியாக நின்றது. முன்பெல்லாம் அந்த ஒற்றையைச் சின்னப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த வாரம்தான் ஹெட் ஆபீசிலிருந்து புது சாப்ட்வேர் வந்து தொலைத்திருந்தது. அரைகுறைப் பெட்டிகளிலிருந்து வழியில் பாத்திரம் காணாமல் போகிறது என்று யாரோ புகார் சொல்ல, இனிமேல் ஒரு ஆர்டரில் எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கைதான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பெட்டிக்கு எத்தனை என்று அடித்தால் மொத்தம் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் லேபிள் வராது, லேபிள் இல்லாமல் பில் வராது, பில் இல்லாமல் செக்யூரிட்டி கேட்டைத் திறக்கமாட்டார்.

பார்த்திபன் எழுபத்திரண்டு என்று அடித்தான். சிவப்பு எழுத்தில் மறுத்தது. எழுபத்தொன்று அடித்தான், எழுபது அடித்தான். அதே சிவப்பு. அறுபதுக்கு இறங்கியபோதுதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியது. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, பழைய லேபிள் ஒன்றின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்க்க ஆரம்பித்தான். மூன்றில் போகவில்லை. ஏழில் மீதி ஆறு. பதினொன்றில் மீதி பத்து. பதின்மூன்றில் மீதி பன்னிரண்டு. தொண்ணூற்றேழு வரைக்கும் போனான். எதிலும் போகவில்லை.

பத்தாயிரத்து ஒன்பது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத சாதி. அதைச் சமமாகப் பெட்டியில் போட வேண்டுமானால் இரண்டே வழி: பெட்டிக்கு ஒரு டப்பாவாகப் பத்தாயிரத்து ஒன்பது பெட்டி, அல்லது எல்லா டப்பாவும் அடங்குகிற மாதிரி வீடு அளவில் ஒரே பெட்டி. பொன்னேரிக் கல்லூரியில் படித்தபோது பகா எண்கள் என்றால் அவனுக்கு உயிர். இதெல்லாம் வாழ்க்கையில் எதற்குப் பயன்படும் என்று கேட்டவர்களிடம் ஒரு நாள் பயன்படும் என்று சொல்லி வந்தவன் அவன். அந்த நாள் பார்த்து வந்திருக்கிறதே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாம்சனிடம் போய் முடியாது என்று சொன்னான். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். இது பார்க்கிற விஷயம் இல்லை, எந்த எண்ணாலும் வகுபடாது, கடவுளே வந்தாலும் வகுபடாது என்று சொன்னான். காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்த சாம்சன், கடைசி வரியில் விரலை வைத்தார்.

“நூறு வரிக்கும்தான பாத்துக்கீற. அதுக்கு மேல இன்னான்னு பாத்தியா?”

பெட்டியில் பிடிப்பதே எழுபத்திரண்டு, நூறுக்கு மேல் வகுபட்டால்தான் என்ன, வகுபடாவிட்டால்தான் என்ன என்று கேட்டுவிட்டு அவன் நகர்ந்திருக்கலாம். நகர்ந்தானா? படித்த படிப்பு விடவில்லை. நின்று விளக்கினான். நூறுக்கு மேற்பட்ட ஒரு எண்ணால் வகுபட்டால், அதோடு சேர்ந்து பெருகுகிற இன்னொரு எண் நூறுக்குள் இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் இரண்டுமே நூற்றியொன்றாக இருந்தால்கூடப் பெருக்கல் பத்தாயிரத்து இருநூற்றியொன்று ஆகிவிடும். நூறுக்குள் எதுவும் இல்லை என்பதால் அதற்கு மேலும் எதுவும் இல்லை. சாம்சன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அப்படியானால் நூறுக்கு மேலேயும் ஒரு தடவை பார்த்துவிடு, மனசுக்குத் திருப்தியாக இருக்கும் என்றார்.

பார்த்திபனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

எண்ணிக்கையை மாற்ற ஒரு வழி மட்டும் இருந்தது. ஆர்டர் கொடுத்தவரின் போனுக்கு ஒரு மெசேஜ் போகும், அவரே சரி என்று அழுத்தினால் மொத்தம் மாறும். ஒன்றைக் குறைத்துப் பத்தாயிரத்து எட்டு ஆக்கிவிட்டால் கட்டி வைத்த பெட்டிகள் அப்படியே போய்விடும். இவ்வளவுதானே என்று பாஷ்யத்துக்குப் போன் போட்டான். அவர் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார்.

“பத்தாயிரத்தெட்டு வர்றவாளுக்கு, தம்பி. அந்த ஒண்ணு பெருமாளுக்கு. நீங்க பெருமாளோடதைக் குறைக்கச் சொல்றேள்.”

இல்லை சாமி, பில்லில் மட்டும்தான் பத்தாயிரத்து எட்டு, அந்த ஒற்றை டப்பாவை நானே கையில் கொண்டுவந்து சும்மா தந்துவிடுகிறேன் என்றான் பார்த்திபன். பெருமாளுக்கு ஓசியில் வாங்கிப் படைக்கிற அளவுக்குத் தான் இன்னும் போகவில்லை என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். எரிந்து விழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாம்சனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஒன்று குறைத்தால்தானே பெருமாள் கணக்கு இடிக்கிறது, இரண்டாகக் குறைத்துவிட்டால் அவருக்குப் புரியாது, நசுங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றார். பார்த்திபன் சிரித்துவிட்டான். மகிழ்ச்சியில் வந்த சிரிப்பு இல்லை அது. பத்தாயிரத்து ஏழும் பகா எண்தான். நடுவில் ஒரே ஒரு எண்ணை விட்டு இரண்டு பக்கமும் பகா எண் நின்றால் அவற்றை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். இப்படிப்பட்ட இரட்டைகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா, எங்கேயாவது நின்றுவிடுமா என்று இன்றுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியை நினைத்துத் தூங்காமல் கிடந்த காலம் ஒன்று அவனுக்கு உண்டு. பாஷ்யம் தேடிப் பிடித்த பத்தாயிரத்து எட்டு சரியாக அப்படி ஓர் இரட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒன்று கூடினாலும் மாட்டினோம், ஒன்று குறைந்தாலும் மாட்டினோம். இதைச் சாம்சனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லவில்லை.

அதற்குள் நைனா, அதாவது அவன் அப்பா, இரண்டு தடவை போன் செய்துவிட்டார். கிளம்பிவிட்டாயா, பஸ்ஸா ரயிலா, வெற்றிலைப் பாக்கு வைத்துச் சாமி கும்பிட்டாயா என்று கேட்டார். கிளம்பிக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தான்.

குறைக்க வழியில்லை என்றால் கூட்டித்தான் பார்க்க வேண்டும். சங்கு சக்கரம் பொறித்த டப்பா இனிமேல் புதிதாக அடிக்க முடியாது, அச்சைக் கழற்றிவிட்டார்கள். கீறல் விழுந்தால் மாற்றிக்கொள்வதற்காகச் செய்த உபரியில் இரண்டுதான் மிச்சம். ஒன்றைச் சேர்த்தால் பத்தாயிரத்துப் பத்து. தங்கமான எண், பெட்டிக்கு எழுபது என்று போட்டால் மீதியே இல்லை. மறுபடியும் திருவள்ளூருக்குப் போன் போட்டான்.

“பூஜ்யத்துல முடியறதா? மங்கள காரியத்துக்கு ஆகுமா, தம்பி? உங்காத்துல மொய் எழுதினா நூறுன்னு எழுதுவேளா?”

எழுதமாட்டோம்தான். பார்த்திபன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அந்த இன்னொன்றையும் மனசுக்குள் சேர்த்துப் பார்த்தான். பத்தாயிரத்துப் பதினொன்று. மூன்றில் போகிறது. மூன்றில் போனால் மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தேழு. அதற்குள் என்ன இருக்கிறது? நாற்பத்தேழு இருந்தது. நாற்பத்தேழையும் எழுபத்தொன்றையும் பெருக்கினால் அதுதான். அப்படியானால் பெட்டிக்கு எழுபத்தொன்று, நூற்று நாற்பத்தொரு பெட்டி. கடைசியிலும் ஒன்று வருகிறது, பூஜ்யம் இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தில் களை வந்தது. சாமி, ஒன்றுக்குப் பதிலாக மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான்.

எதற்கு மூன்று என்று கேட்டார் பாஷ்யம். நியாயமான கேள்வி. எழுபத்தொன்றால் வகுபடும் என்று சொன்னால் அந்த மனிதர் ஒப்புக்கொள்வாரா? அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குரல் என்னவென்று விசாரிப்பதும் பாஷ்யம் விவரம் சொல்வதும் கேட்டது. அவர் மனைவி ஹேமாம்புஜம். போன் அந்த அம்மாள் கைக்கு மாறவில்லை. ஆனால் அவர் பேசியது போனில் தெளிவாக விழுந்தது.

“ஏன்னா, பெருமாளுக்கு மட்டும் ஒண்ணு எடுத்து வெச்சேளே, ஸ்ரீதேவியும் பூதேவியும் பக்கத்துல நின்னு பாத்துண்டிருக்கணுமா?”

பாஷ்யம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, மூன்றுக்கும் பில் போட வேண்டும், ஒன்றும் இனாம் கூடாது என்று சொல்லிவிட்டு மெசேஜில் சரி என்று அழுத்தினார். அந்த அம்மாள் இருக்கும் திசை நோக்கிக் கும்பிட வேண்டும்போல இருந்தது பார்த்திபனுக்கு.

வேலையும் லேசாகத்தான் தெரிந்தது. கட்டிய நூற்று முப்பத்தொன்பது பெட்டிகளையும் திறந்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு டப்பாவை வெளியே எடுத்தால் எல்லாம் எழுபத்தொன்றாகிவிடும். எடுத்தது நூற்று முப்பத்தொன்பது, அதோடு அந்த ஒற்றை, உபரி இரண்டு. ஆக நூற்று நாற்பத்திரண்டு. சரியாக இரண்டு பெட்டி. பேக்கிங் சூப்பர்வைசர் தமிழ்செல்வி தன் பெண்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினாள். டேப் கிழிகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. மணி ஒன்றுகூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த தமிழ்செல்வி அவன் பக்கம் திரும்பினாள்.

“நீ கெளம்பு சார். நாங்க பாத்துக்கறோம். இன்னா, ஒண்ணு ஒண்ணா எடுக்கறதுதான.”

அப்போது கிளம்பியிருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு பெட்டியில் எடுக்க மறந்துவிட்டால், அல்லது இரண்டாக எடுத்துவிட்டால், திருவள்ளூரில் எண்ணும்போது குறையும். லேபிளில் அவன் பெயர்தான் இருக்கும். புது வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, கையில் இருக்கிற வேலையும் போய்விட்டால்? எண்ணி முடித்ததும் போகிறேன் என்று நின்றுவிட்டான். கணக்குப் படித்தவனுக்கு எண்ணாமல் விட்டுப்போக மனசு வருமா?

எண்ணினார்கள். புதிதாகக் கட்டியதில் முதல் பெட்டி எழுபத்தொன்று. இரண்டாவது பெட்டி எழுபது.

இன்னொரு தடவை எண்ணினார்கள். எழுபதுதான். அப்படியென்றால் ஏதோ ஒரு பெட்டியில் எடுக்காமல் விட்டுவிட்டார்கள், எழுபத்திரண்டோடு ஒன்று மூடிக் கிடக்கிறது. டேப் வேறு ஒட்டியாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கித் தராசில் வைத்து எடை பார்க்கச் சொன்னான் பார்த்திபன். ஒரு டப்பா எடை கூடுதலாகக் காட்டுகிற பெட்டியைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். வைத்தார்கள், இறக்கினார்கள், வைத்தார்கள், இறக்கினார்கள். பெண்களுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. லாரி டிரைவர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார். எல்லாப் பெட்டியும் ஒரே எடை. சாம்சன் வந்து, தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அதையும் பார்த்தார்கள். மணி இரண்டரையைத் தாண்டியது. திருவள்ளூரில் மற்றவர்களெல்லாம் இந்நேரம் பைலை மடியில் வைத்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கே தப்பு, எங்கே தப்பு என்று தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான்.

உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே சாமி படம். பேக்கிங் ஹாலில் வேலை ஆரம்பிக்கும்முன் பெண்கள் விளக்கேற்றும் இடம் அது. படத்துக்குக் கீழே பலகையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியில் குங்குமம். மேலே ஒரு துண்டு கதம்பம்.

அவன் எழுந்து அதை எடுத்தான். சங்கும் சக்கரமும் பளபளத்தன. தமிழ்செல்வி பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அத்த எடுக்காத சார், பெருமாளோடது. நீதான போன்ல பேசிக்கினு இருந்த, அந்த ஒண்ணு பெருமாளுக்குன்னு. மேஜ மேல கண்ட கை படுதேன்னு காலைலயே எட்த்து வெச்சன்.”

இதைத்தானே இவ்வளவு நேரமாகத் தேடுகிறோம் என்று கேட்க வாயைத் திறந்தான். தமிழ்செல்விக்கு அது ஒரு டப்பாவாகவே தோன்றவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு கணக்கு, பெருமாளுடையது வேறு கணக்கு. அதையும் சேர்த்து எண்ணுவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அதையும் இந்த அட்டைப்பெட்டியிலேயா போடுவீங்க என்று மெல்லக் கேட்டாள். திட்ட வேண்டும் என்று இருந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. காலையிலிருந்து அவனைக் கழுத்தறுத்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்து தொலைத்தார்கள். குங்குமத்தைத் துடைக்க அவள் விடவில்லை. பூவை மட்டும் எடுத்துவிட்டு, குங்குமத்தோடேயே டப்பாவைக் கடைசிப் பெட்டியில் வைத்து மூடினான்.

எழுபத்தொன்று என்று அடித்ததும் திரை பச்சையாகி லேபிள்கள் வரிசையாக வந்து விழுந்தன. சாம்சன் அவன் தோளில் தட்டினார். “பாத்தியா, முடியாதுன்ன. முடிஞ்சிருச்சில்ல.” பத்தாயிரத்து ஒன்பது கடைசி வரைக்கும் வகுபடவே இல்லை, நாம்தான் எண்ணை மாற்றினோம் என்று சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. சட்டையைப் பாத்ரூமில் மாற்றிக்கொண்டு ஓடிவந்து அதே லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறினான். பஸ்ஸுக்கு நிற்பதைவிட அது தேவலை என்று பட்டது.

ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் நெரிசல். பெரியபாளையத்தில் இன்னும் நெரிசல். வழியில் இரண்டு தடவை கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டான், யாரும் எடுக்கவில்லை. லாரி அவனைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்திவைத்துக்கொண்டு நின்றார். கணக்கு இன்டர்வியூவா, எல்லாம் முடிந்து சார்மார்கள் கார் ஏறிப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது, ஆளும் எடுத்துவிட்டார்கள் என்றார். இரக்கப்பட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பார்த்திபன் வாங்கிக் குடித்தான்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது நைனா போன் செய்தார். பின்னால் பம்புசெட் ஓடுகிற சத்தமும் யாரோ பேசுகிற சத்தமும் கேட்டன. தனியாக இல்லை, பத்துப் பேரைச் சுற்றி நிறுத்திவைத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று புரிந்தது.

“முட்ச்சிட்டியாபா? இன்னா கேட்டாங்க?”

பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அன்றைக்கு அவனிடம் கேட்கப்பட்டது என்னவோ அதைச் சொன்னான்.

“பத்தாயிரத்து ஒம்பது டப்பாவ எல்லாப் பொட்டிலயும் சமமா போட முடியுமான்னு கேட்டாங்க நைனா.”

“நீ இன்னா சொன்ன?”

“முடியாதுன்னேன்.”

நைனாவின் குரல் தணிந்து வந்தது. சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்காமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும்.

“ஏண்டா, எட்த்த எடுப்புலயே முடியாதுன்னா எவன்டா வேல குடுப்பான்? பாக்கறேன் சார்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

வாட்ச்மேன் மீதிக் கேட்டையும் சாத்தினார்.

“சரி நைனா,” என்றான் பார்த்திபன். “அடுத்த தபா சொல்றன்.”